எங்கள் சங்கக் கட்டடம்: விற்பதா, பூட்டுவதா, தங்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவே ஒரு தெருவின் பெயர்ப்பலகை டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேச்சில் அது இன்னும் கிரே தெருதான். அதற்கு அருகில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. நடைபாதையின் மேல் நீளும் தாழ்வாரத்தை வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்குகின்றன. முகப்பின் உச்சியில் சங்கத்தின் பெயரும் 1931 என்ற ஆண்டும் சாந்தில் புடைத்து நிற்கின்றன. கடற்காற்றும் மழையும் அரித்ததில் 'சங்கம்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளி உதிர்ந்துவிட்டது. மேலே தகரக் கூரை நான்கு இடங்களில் ஒழுகுகிறது. வயரிங் என் தந்தையார் காலத்தது.

இந்தக் கட்டடத்தை என்ன செய்வது என்று வரும் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். செயற்குழுவின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. விற்றுவிட்டு, உறுப்பினர்கள் வாழும் சாட்ஸ்வர்த்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ போகலாம். கட்டடத்தை விற்காமல் பூட்டி வைத்து, நடவடிக்கைகளை மட்டும் புறநகருக்குக் கொண்டுபோகலாம். கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு விட்டு, அந்த வாடகையில் பழுது பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கலாம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். மூன்று தரப்பினரும் சங்கத்தின் நலம் கருதியே பேசுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் எந்தப் பக்கம், ஏன் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைப்பது நேர்மை என்று கருதி இதை எழுதுகிறேன்.

நகர நடுவை விட்டு வெளியேறுவது நாம் கண்டுபிடித்த யோசனை அல்ல. 1887-இல் தொடங்கிய ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை, டயகனல் தெருவில் இருந்த தன் கட்டடத்தை விட்டு 2000-ஆம் ஆண்டு புறநகரான சாண்ட்டனுக்குப் போனது. 1939 முதல் 44 மெயின் தெரு என்ற முகவரியாலேயே அறியப்பட்ட ஆங்லோ அமெரிக்கன் சுரங்க நிறுவனமும் அண்மையில் ரோஸ்பேங்குக்கு மாறிவிட்டது. டர்பனில் வழக்கறிஞர்களும் வங்கிகளும் கணக்குத் தணிக்கை நிறுவனங்களும் உம்லாங்கா மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மேடு 1990கள் வரை கரும்புக் காடாக இருந்தது. அப்படிப்பட்ட கரும்புக் காடுகளுக்காகத்தான் 1860 முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்.

ஆனால் அந்த நிறுவனங்களின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றல்ல. வாடிக்கையாளர்கள் நகர்ந்தார்கள், அலுவலகங்களும் அவர்கள் பின்னால் நகர்ந்தன. அந்த நகர்வு அவர்களாகச் செய்துகொண்டது. நம்மவரை நகர்த்தியது, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம். என் தாத்தா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. சோம்சியூ சாலையில் இருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து மாலையில் குளித்துவிட்டு நடந்தே சங்கத்துக்கு வருவாராம். 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து, குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். நடந்து வந்த தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டராக நீண்டது. பிறகு 1970களின் நடுவில் ஃபீனிக்ஸ் எழுந்தது. மக்களைச் சிதறடித்த அந்தச் சட்டத்தால் கட்டடத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. ஆகவே இன்று எந்த வழியைத் தேர்ந்தாலும், அன்று நம்மைக் கேட்காமல் செய்யப்பட்ட ஒரு காரியத்துக்கு நாமே என்ன பதில் செய்கிறோம் என்ற கேள்வியும் அதில் கலந்திருக்கிறது. இதை உணர்ச்சிப் பேச்சு என்று சிலர் ஒதுக்கக்கூடும். முடிவின் எடையில் இதற்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் விற்பதைப் பார்ப்போம். இதற்கான வாதம் வலுவானது. அதைச் சொல்பவர்கள் இளம் பெற்றோர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஏழு வயதுக் குழந்தையை அழைத்து வரும் ஒரு தாய், வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று சுற்றி, வாரிக் சந்திப்பின் நெரிசலில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து, வகுப்பு முடியும் வரை படிக்கட்டில் காத்திருக்கிறார். "அண்ணா, இந்த நேரத்துல எங்க வீட்டுப் பக்கத்துல வகுப்பு இருந்தா ரெண்டு பிள்ளையையும் கொண்டாருவேன், இப்ப ஒண்ணத்தான் கொண்டார முடியுது" என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த இரண்டாவது பிள்ளைக்குப் பதில் சொல்லாத எந்தத் தீர்மானத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆயினும் விற்பனை என்பது நினைப்பதைப் போல நேரான வழியாக இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவள ஆதாரங்கள் சட்டம், 34-ஆம் பிரிவின்படி, 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபுவள அமைப்பின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. நம் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று வருபவர் இந்த அனுமதிக்கான காலத்தையும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டுதான் பேசுவார். அலுவலகங்கள் வெளியேறி மாடிகள் காலியாகக் கிடக்கும் இந்தப் பகுதியில், விற்பவர் கேட்கும் விலையை விட வாங்குபவர் சொல்லும் விலையே நிற்கிறது. கிடைக்கும் பணத்தில் உம்லாங்காவில் ஒரு துண்டு நிலமும் வாங்க முடியாது. சாட்ஸ்வர்த்தில் நிலம் வாங்கினால் மேலே சுவர் எழுப்பப் பணம் மிஞ்சாது.

பணத்தை விடக் கடினமான கேள்வி, எங்கே போவது என்பது. சாட்ஸ்வர்த் நகருக்குத் தென்மேற்கில் இருக்கிறது, ஃபீனிக்ஸ் வடக்கில். வெருலம், டோங்காட் உறுப்பினர்கள் அதற்கும் வடக்கே. சாட்ஸ்வர்த்துக்குப் போனால் வடக்கத்தியர்கள் நகரத்துக்கு ஒரு டாக்ஸி, அங்கிருந்து இன்னொரு டாக்ஸி என்று இரண்டு மாற வேண்டும். ஃபீனிக்ஸுக்குப் போனால் அதே பாடு தெற்கத்தியருக்கு. நாள்தோறும் சுமார் 4,60,000 பேர் கடந்து போவதாகச் சொல்லப்படும் வாரிக் சந்திப்பு நடப்பதற்கு இடைஞ்சலானதுதான், ஆனால் எல்லாத் திசை மினிபஸ் டாக்ஸிகளும் வந்து சேரும் இடமும் அதுவே. கார் இல்லாத முதியவர்கள் நம் உறுப்பினர்களில் கணிசமானவர்கள். நகர நடு எவருடைய பேட்டையும் இல்லை. அதனால்தான் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. சாட்ஸ்வர்த்துக்குப் போகும் சங்கம் சில ஆண்டுகளில் சாட்ஸ்வர்த் சங்கமாகவே ஆகிவிடும்.

இடம் பெயர்வதில் என்ன தொலையும் என்பதற்கு இதே தெருவின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் 1903 ஜூனில் கிரே தெருவில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கியது. செலவு தாங்காமலும், எளிய உழைப்பு வாழ்வை நாடியும், காந்தி 1904-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சகத்தை ஃபீனிக்ஸ் பண்ணைக்குக் கொண்டுபோனார். முதல் இரவே எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. கையால் சுழற்றும் சக்கரத்தைக் கட்டடம் கட்ட வந்திருந்த தச்சர்களும் சேர்ந்து இரவெல்லாம் சுழற்றி இதழைக் கொண்டுவந்தார்கள். இந்தப் பகுதியை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின. பண்ணையில் வந்து தங்கி எழுதக்கூடிய தமிழ், இந்தி எழுத்தாளர்கள் கிடைக்கவில்லை என்பதைக் காந்தியே காரணங்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறார். இதழ் பிழைத்தது, இடம் மாறியதில் முதலில் உதிர்ந்தவற்றில் தமிழும் ஒன்று. 1908-இல் பி. எஸ். ஐயர் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்ற இதழைத் தமிழ்ப் பகுதியோடு தொடங்கியபோது, டர்பன் நகரத்திலிருந்தே அதைத் தொடங்கினார்.

இடம் மாறினால் நாம் என்ன இழப்போம் என்று எண்ணிப் பார்க்கிறேன். சனிக்கிழமை வகுப்பெடுக்கும் மூன்று பேரில் இருவர் நகரத்தில் வேலை செய்பவர்கள். வேலை முடிந்து நேரே மாடியேறி வருகிறார்கள். கணக்கு எழுதுபவர் பக்கத்துக் கடைக்காரர். இவர்கள் யாரும் நம்மிடம் சம்பளம் வாங்குவதில்லை. புதிய கட்டடத்தின் வரைபடத்தில் இவர்களுக்கு இடம் இல்லை.

இரண்டாவது வழி, பூட்டிவிட்டுப் போவது. இப்போதைக்கு விற்க வேண்டாம், விலை ஏறட்டும் என்று சொல்வதால் இது நடுநிலையானது போலத் தோன்றும். மூன்றிலும் மிக மோசமானது இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஜோகன்னஸ்பர்க்கில் 80 ஆல்பர்ட் தெருவில் உள்ள உசிந்திசோ கட்டடம், நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் என்ற அனுமதிச் சீட்டுக்கான அலுவலகமாக இருந்து, பின்னர் பெண்களுக்கான காப்பகமாக இருந்தது. மாநகராட்சிக்கே சொந்தமான அந்த மரபுக் கட்டடத்தில், பொறுப்பான நிர்வாகம் விலகிய பின், கதியற்ற குடும்பங்கள் தடுப்புப் பலகைகள் அடித்து நெருக்கியடித்து வாழ்ந்தன. 2023 ஆகஸ்ட் 31 அன்று அதிகாலையில் எழுந்த தீயில் 76 பேர் மாண்டார்கள். பூட்டிய கட்டடம் பூட்டியபடியே இருக்காது. ஆளில்லாத கட்டடத்துக்குப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்பைக் குறைக்கின்றன அல்லது மறுக்கின்றன. சொத்துவரி மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். விற்பதா பூட்டுவதா என்ற இரண்டே வழிகள் இருந்தால், நான் விற்பதற்கே கை தூக்குவேன்.

மூன்றாவது வழி, தங்குவது. இதை வெறும் பாசத்தால் ஆதரிக்கவில்லை என்பதைக் காட்ட ஐந்து நிமிட நடைத் தொலைவில் ஒரு சான்று இருக்கிறது. 1881-இல் தொடங்கிய கிரே தெரு ஜும்மா மசூதி, குழுப் பகுதிகள் சட்டத்தையும், கடைகளும் மக்களும் வெளியேறிய காலத்தையும் தாண்டி அதே இடத்தில் நிற்கிறது. அதன் தெருப்பக்கத்தைப் பாருங்கள்: சுற்றிலும் கடைகள், அருகே 1927-இல் கட்டிய மதரஸா ஆர்கேட் என்ற கடைவீதி. தொழுகைக்கு வருபவர்கள் இன்று தொலைவிலிருந்து வந்தாலும், கட்டடத்தைக் காப்பதில் கடை வாடகைக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டியவர்கள் காணிக்கையை மட்டும் நம்பவில்லை. நம் முன்னோர்களும் கீழே கடை, மேலே மண்டபம் என்றுதான் கட்டினார்கள். கடைசியாக இருந்த துணிக்கடைக்காரர் போன பின், கீழ்த்தளத்தை நாற்காலிகளும் பழைய மேடைத் திரைகளும் அடைக்கும் கிடங்காக ஆக்கியவர்கள் நாம்தான்.

அந்தக் கிடங்கைப் போன மாதம் திறந்து பார்த்தோம். ஓரிகன் பைன் பலகைத் தரையில் கரையான் இல்லை. பின்சுவரின் ஈரம் தரையிலிருந்து ஏறியதல்ல, உடைந்த மழைநீர்க் குழாயிலிருந்து வந்தது. குழாயை மாற்றினால் போதும். மேலே நூலக அலமாரிதான் என்னைக் கலங்கவைத்தது. சென்னையிலிருந்து கப்பலில் வந்த புத்தகங்கள், டர்பனின் ஈரக்காற்றில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளிப்பூச்சி அரித்த ஓட்டைகளோடு இருந்தன. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் 1930களின் சந்தாப் பேரேடு இருந்தது. பல பெயர்களுக்கு நேரே கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தை விற்றாலும் பேரேட்டைக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். கொண்டுபோகலாம்தான். ஆனால் அந்த ரேகைகள் இட்டவர்கள் பணம் கொடுத்தது இந்தச் சுவர்களுக்காக.

தங்குவதில் உள்ள இடர்களை மறைக்க விரும்பவில்லை. வயரிங்கை முழுதாக மாற்றி, மின் பாதுகாப்புச் சான்று பெறாமல் எந்த வாடகைதாரரையும் ஏற்றக்கூடாது. மாடிக்கு இரண்டாவது வெளியேறும் படி வேண்டும். அதற்கும் அமாஃபாவின் அனுமதி தேவை. நகர நடுக் கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கு வருமான வரியில் தேய்மானக் கழிவு உண்டு என்று சிலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். நகர்ப்புற மேம்பாட்டு மண்டலச் சலுகையில் டர்பனும் சேர்க்கப்பட்டதுதான், ஆனால் அது வரி கட்டுபவருக்கான கழிவு. வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனத்துக்கு அது நேராக எதையும் தராது. அதைக் கணக்கில் வரவாக எழுதியிருக்கும் குறிப்பைச் செயற்குழு திருத்த வேண்டும். வாடகை வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு வரி உண்டு என்பதையும் தணிக்கையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் உண்மையானது. ஆனால் நகரம் ஆபத்து, புறநகர் பத்திரம் என்ற பிரிவினையை 2021 ஜூலைக் கலவரம் கலைத்துவிட்டது. குவாசுலு-நேட்டாலிலும் கவுட்டெங்கிலுமாக 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த நாட்களில், சூறையாடப்பட்டவற்றில் புறநகர் வணிக வளாகங்களும் கிடங்குகளும் ஏராளம். ஃபீனிக்ஸ் பட்ட துயரை நாம் இன்னும் மறக்கவில்லை. கலவரச் சேதத்துக்கான காப்பீட்டை இந்நாட்டில் சாஸ்ரியா என்ற அரசு நிறுவனமே தருகிறது. கட்டடம் எங்கே இருந்தாலும் அதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். நாம் இதுவரை செலுத்தவில்லை.

மீண்டும் அந்தத் தாயின் இரண்டாவது பிள்ளையிடம் வருகிறேன். தங்குவது என்றால் எல்லாவற்றையும் மாடியிலேயே வைத்துக்கொள்வது என்று பொருளாகாது. கிளேர்வுட் சிவசுப்பிரமணியர் கோயிலைச் சுற்றியிருந்த குடும்பங்கள் எப்போதோ சாட்ஸ்வர்த்துக்கும் பிற இடங்களுக்கும் போய்விட்டன. ஆலைகளும் லாரி நிறுத்தங்களும் அந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டன. கோயில் அசையவில்லை. தைப்பூசக் காவடிக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே திரும்பி வருகிறார்கள். தங்குவோர் தரப்பு இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறது, நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தொலைவு வருவது வேறு, வாரந்தோறும் வருவது வேறு. காவடிக்கு வருபவர் நேர்த்திக்கடனோடு வருகிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அகரவரிசை படிக்க அப்படி ஒரு கடன் இல்லை. ஆகவே குழந்தைகள் வகுப்புகளைச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் மண்டபங்களில் இரவல் இடம் கேட்டு நடத்த வேண்டும். அதற்குக் கட்டடம் வாங்கத் தேவையில்லை. கரும்பலகையும் ஆசிரியரின் பெட்ரோல் செலவும் போதும். அந்தச் செலவைக் கீழ்த்தள வாடகையிலிருந்து கொடுக்கலாம். நூலகம், பெரியவர்கள் வகுப்பு, மாதக் கூட்டம், ஆண்டு விழா, திருமண மண்டபம் ஆகியவை நகரத்தில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் ஆள் வேண்டுமே என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஃபீனிக்ஸ் வகுப்புக்கு இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். சாட்ஸ்வர்த்துக்கு இன்னும் ஒருவரும் இல்லை.

தங்குவது தோற்கிற கட்சி என்று எண்ணுபவர்களுக்கு விடியற்காலைச் சந்தையை நினைவூட்டுகிறேன். 1934 முதல் வாரிக் பகுதியில் இயங்கும் அந்தச் சந்தையை, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட 2009-இல் திட்டமிட்டார்கள். கீரைக்கட்டு விற்கும் நம்மவர்களும் சுலு வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நான் இன்றும் கறிவேப்பிலை அங்கேதான் வாங்குகிறேன்.

என் வாக்கு தங்குவதற்கே, கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு விட்டு, குழந்தைகள் வகுப்பைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டோடு. இந்த வாக்கு மாறக்கூடியது. வயரிங்கும் கூரையும் சேர்ந்து, ஆறு ஆண்டு வாடகையால் அடைக்க முடியாத செலவாக மதிப்பிடப்பட்டாலோ, கூட்டம் நடக்கும் நாளுக்குள் ஒரு வாடகைதாரராவது எழுத்தில் உறுதி தராவிட்டாலோ, விற்பதற்குக் கை தூக்குவேன். அப்படி விற்பதானாலும், அதிக விலை சொல்பவரை விட, கட்டடத்தை ஆட்கள் புழங்கும் இடமாக வைத்திருப்பவருக்கே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்க்கக் கேட்பேன். மின் பரிசோதகர் வரும் வியாழக்கிழமை காலை வருகிறார். கிடங்கின் சாவி என்னிடம் இருக்கிறது; மூன்று தரப்பிலிருந்தும் ஒருவராவது அன்று உடன் இருந்து நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.